இரண்டாம் கூட்டுக்கும் வல்லாரை

ஐப்பசி 12, வியாழன்

மனச்சோர்வுக்கு வல்லாரை உதவுமா என்ற சோதனை இன்று பாழாய்ப் போனது. மனம் சோர்ந்த எலி நீந்துவதை விட்டு மிதக்கும்; ஆனால் சாறு கொடுத்த எலிகளும் இரண்டாம் கூட்டில் வெறும் தண்ணீர் கொடுத்தவையும் தொட்டியில் சோராமல் ஒரேயளவு நேரம் நீந்தின.

"இந்தக் குண்டுச் சத்தத்துக்க ஆராய்ச்சி ஏலாது, பிள்ளை. கொழும்புக்குப் போங்கோ," என்றார் எங்கள் ஆய்வுகூடத்தை நடத்தும் டொக்டர்.

அவர் போனபிறகுதான் கூடு கழுவும் பாக்கியமக்கா வாய் திறந்தார். "மற்றக் கூட்டுக்கும் நான் தினமும் வல்லாரை போட்டனான், தங்கச்சி. ஒண்டு தின்ன மற்றது பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?"

ஏச வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். வல்லாரையே தின்னாத போன மாதத்து எலிகள் பாதி நேரத்திலேயே கைவிட்டு மிதந்தன. இவை பக்கத்துத் துறைமுகம் குண்டுகளால் அதிர அதிர நீந்தின.

கொழும்பாவது, மண்ணாவது. நாளைக்கே இங்கே புது எலிகளோடு தொடங்குகிறேன். இரண்டாம் கூட்டுச் சாவி என் தலையணைக்குக் கீழே.