கையோடு வந்த பல்

ஜனவரி 7, 2025, செவ்வாய்

இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்தான். ஒரு வாண்டு என் விரலைக் கடித்துவிட்டு, "டாக்டரக்கா, உங்க பல்லை யாரு பார்ப்பாங்க?" என்று கேட்டது. நல்ல கேள்விதான். நான் டாக்டர் இல்லை கண்ணு என்று வழக்கம்போலச் சொன்னேன்.

பல் சுகாதாரப் பணியாளர் என்றால் யாருக்கும் புரிவதில்லை. வாயைப் பார்க்கலாம், பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கலாம், சொத்தை வராமல் மருந்து பூசலாம், தேய்க்கச் சொல்லிக் கொடுக்கலாம். பிடுங்கக் கூடாது, துளைக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, மாத்திரை எழுதக் கூடாது. அதெல்லாம் திருமூர்த்தி சார் வேலை. அவர் கோவை கணபதியில் தன் கிளினிக்கில் இருப்பார். நான் ஒரு டிரஸ்ட் நடத்தும் பல் மருத்துவ வண்டியில் கொடுமுடிப் பக்கம் சுற்றுவேன். நடுவில் ஒரு போன். இதற்குப் பெயர் மேற்பார்வை.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். பல்லில் கல்லாகப் படிந்த காரை எங்கே முடிகிறது, பல் எங்கே ஆரம்பிக்கிறது? அந்தக் கோட்டில்தானே என் கை நிற்க வேண்டும்? சாரிடம் கேட்டால் சிரிக்கிறார். என்னைவிட இளையவர். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா ஜெபராணிக்கா" என்கிறார்.

ஜனவரி 9, வியாழன்

எழுதினால் மனசு அடங்குமோ என்று பார்க்கிறேன்.

அங்கப்பன் என்று ஒரு மஞ்சள் விவசாயி. மகள் கனிஷ்காவுக்குத் தை கடைசியில் கல்யாணம். போட்டோவில் பல் தெரியுமே என்று சுத்தம் பண்ண வந்தார். வாயைத் திறந்தால் கீழ் முன்பற்களுக்குப் பின்னால் ஒரே காரைச் சுவர். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சர்க்கரை? "இல்லீங்க." பிரஷர்? "இல்லீங்க." நெஞ்சுக்கு ஏதாவது? "இப்ப அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அம்மணி." ஒவ்வொரு பல்லையும் ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. ஆரம்பித்தேன்.

பாதிச் சுவர் போயிருக்கும். பெரிய கட்டியாக ஒன்று பெயர்ந்து வந்தது. கூடவே பல்லும் — முழுசாக, வேரோடு, என் கையில். நான் பிடுங்கவில்லை. இழுக்கக்கூட இல்லை. அவருக்கு வலிக்கவும் இல்லை. "ஏனுங்க, நிறுத்திப்போட்டீங்க?" என்கிறார்.

அப்புறம்தான் ரத்தம். பஞ்சை வைத்து அழுத்தினேன், நனைந்தது. இன்னொன்று. அதுவும் நனைந்தது. ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்களாம். "கேட்டப்ப இல்லைன்னீங்களேங்க?" என்றேன். "இப்ப இல்லீங்களே. மாத்திரை போட்டு நல்லாப் போச்சுங்களே."

அவர் பொய் சொல்லவில்லை. இந்தப் பக்கம் மாத்திரையில் அடங்கிவிட்டால் அது வியாதிக் கணக்கிலேயே வராது. எனக்குத் தெரியாதா இது? எங்கம்மாவே அப்படித்தானே சொல்லும்? தெரிஞ்சும் வழக்கமாக் கேட்கற மாதிரியே கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேனே.

சாருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. கடைசியில் எடுத்தார், யாருக்கோ வேர் சிகிச்சை நடுவில். "அழுத்திக் கடிக்கச் சொல்லுங்க, விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." டிரைவர் கரீம் பாய் வண்டியைப் பறக்கவிட்டார். தையல் போட்ட பிறகு நின்றது.

ஜனவரி 10, வெள்ளி

அங்கப்பனுக்குப் போன் பண்ணினேன். ரத்தம் இல்லையாம். இட்லி சாப்பிட்டாராம். ஸ்தோத்திரம்.

ஜனவரி 11, சனி

சார் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "காரை எடுத்தீங்களா, பல் எடுத்தீங்களா? டிரஸ்ட்டுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?" தெரியலீங்க சார் என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் டிரஸ்ட் கூட்டம். டாக்டர் இல்லாமல் வண்டி ஊருக்குப் போகலாமா என்றே அதில் முடிவாகுமாம். அதுவரை காரை எடுக்கும் கருவியை நான் தொடக் கூடாது. வண்டி நின்றுவிட்டால் அந்தப் பக்கத்து ஜனம் பல்லுக்காக ஈரோட்டுக்குப் பஸ் ஏறுமா? வலி தாங்காமல் போன பிறகுதான் ஏறும். எனக்கும் வேறு எந்த வேலையும் தெரியாது, தெரிந்தாலும் பிடிக்காது.

ஜனவரி 13, திங்கள்

ஒரே கேள்விதான் ஓடுகிறது. ஆடாத பல் எப்படி வந்தது?

காலையில் காப்பி கொடுக்கும்போது என் வீட்டுக்காரர் தங்கராஜிடம் சொன்னேன். பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் அவர். "துருப்பிடிச்ச நட்டு அப்படித்தான். மரை தேஞ்சு போயிருக்கும், துருதான் பிடிச்சிட்டு இருக்கும். துருவைத் தட்டினாக் கழண்டுக்கும்" என்றார். அத்தோடு விட்டாரா? "பட்டறையில ஒரு ஆள் வேணும்ங்கறாங்க, சொல்லி வைக்கட்டுமா" என்று கிண்டல் வேறு.

நேராகக் கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன். சார் யாருடையதோ ஒரு எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஆமாக்கா. பல்லு எல்லாத்தையும் காரை ஒண்ணா ஒட்டிப் பிடிச்சிருக்கும். ஆட்டிப் பார்த்தா அசையாது. எலும்பு எவ்வளவு மிச்சம்னு இதுல பார்த்தாத்தான் தெரியும்."

அப்படியென்றால் நான் தேடிய கோடு பல்லிலேயே இல்லை. எலும்பில் இருக்கிறது, என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பயத்தையும் மீறி ஒரு சந்தோஷம் வந்தது, ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. "இதை ஏன் சார் முன்னாடியே எனக்குச் சொல்லல?" என்றேன். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார்.

ஜனவரி 23, வியாழன்

ஊருக்குள் வண்டி போய் நின்றதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. எல்லாருக்கும் பல் பிடுங்க வேண்டுமாம். "அங்கப்பனுக்கு ஊசியே இல்லாமப் புடுங்கிப்போட்டீங்களாமா?"

அங்கப்பனே தட்டில் பழத்தோடு கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். அவரைத் தனியாகக் கூட்டிப்போய், நான் பிடுங்கவில்லை, காரையோடு வந்துவிட்டது, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். "இருக்கட்டும்ங்க அம்மணி. நீங்க தன்னடக்கமாச் சொல்றீங்க" என்கிறார். இந்த மனுசன் நன்றி சொல்லிச் சொல்லியே என் வேலைக்கு உலை வைக்கப்போறார். கரீம் பாய் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜனவரி 31, வெள்ளி

கூட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பல்லை எடுத்தது யார் என்று தலைவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் எழுந்துவிட்டார். "அந்த வாயை நான் பார்க்கவே இல்லீங்க. பார்த்திருந்தாத் தொட விட்டிருக்க மாட்டேன். போன் எடுக்காத ஆளு எப்படிங்க மேற்பார்வை பண்றது?" எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

வண்டி போகும். கருவி திரும்பக் கிடைத்தது. ஆனால் காரைச் சுவரோ நெஞ்சு மாத்திரையோ இருந்தால், டாக்டர் நேரில் பார்க்காமல் நான் கை வைக்கக் கூடாது. அதற்காக ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் சார் கூட வருவார். ஒருமுறை மீறினாலும் வண்டி நின்றுவிடும்.

பிப்ரவரி 6, வியாழன்

வியாதி இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டேன். "காலையில என்ன மாத்திரை போட்டீங்க, காட்டுங்க" என்கிறேன். பிரஷர் இல்லாதவர்கள் எத்தனை பேர் பிரஷர் மாத்திரை போடுகிறார்கள்!

பிப்ரவரி 13, வியாழன்

சார் முதன்முதலாக வர வேண்டிய நாள். பத்து மணிக்கு அவரே போன் பண்ணினார். கிளினிக்கில் கூட்டமாம், கிளம்ப முடியவில்லையாம். காத்திருந்தது சின்னாத்தாள் என்ற அம்மா. தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். அங்கப்பனுக்கு இருந்த அதே மாதிரிச் சுவர். சார் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

"நல்லாத்தான் இருக்குக்கா. நீங்களே ஆரம்பிச்சிருங்க. நான் பார்த்ததா வச்சுக்கலாம்."

எனக்காக எழுந்து நின்ற மனிதர். "இல்லீங்க சார். போட்டோல எலும்பு தெரியாதுங்க. நீங்க வர்ற வரைக்கும் நாங்க உட்கார்ந்திருக்கோம்."

"இங்க எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமாக்கா?"

"இங்கயும் காத்திருக்காங்க சார்."

போன் வைத்துவிட்டார். அவ்வளவுதான், தொலைந்தேன் என்று நினைத்தேன். சின்னாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னேன். "எனக்காகத்தானுங்களே. இருக்கறேனுங்க" என்று வண்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

மதியத்துக்கு மேல் சார் வந்தார், கையில் சின்ன எக்ஸ்ரே கருவியோடு. சாப்பிட்டிருக்கவில்லை, முகம் கடுகடுவென்று இருந்தது. படத்தைப் பார்த்தார். முகம் மாறியது. என்னிடம் நீட்டினார். இரண்டு பல்லுக்கு அடியில் எலும்பே இல்லை. சின்னாத்தாளிடம் எல்லாவற்றையும் சொல்லி, சம்மதம் கேட்டு, ஊசி போட்டு அவரே எடுத்தார். நான் பஞ்சு பிடித்தேன். திரும்பும்போது கோவை வரும்வரை சார் முன்சீட்டில் தூங்கினார். அந்த போன் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

காய்கறி வாங்கப் போகும்போது கிளினிக் வாசலைப் பார்த்தேன். பலகையில் வியாழக்கிழமை நேரத்தை மட்டும் பெயின்ட் அடித்து மறைத்து, மேலே புதிதாக எழுதியிருந்தது: வியாழன்தோறும் டாக்டர் கொடுமுடியில் இருப்பார்.

ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் என்றுதானே கூட்டத்தில் முடிவு? நின்று இன்னொரு தரம் படித்தேன். வியாழன்தோறும் என்றுதான் இருந்தது.