நான்கிலிருந்து ஒன்று

செவ்வாய், இரவு.

டயாலிசிஸ் சென்டரில் பிசியோ பெண் கொடுத்த மூச்சுப் பயிற்சிக் கருவியை இன்று மாலை எடுத்தேன். சிறுநீரகம் கெட்டவனுக்கு மூச்சுத் தசையும் தளருமாம். அதனால் தினமும் அதில் வாய் வைத்துக் காற்றை இழுக்கிறேன். அதிலுள்ள எண் போட்ட திருகைக் கூட்டினால் இழுப்பது கடினமாகும். நான் நான்கில் வைத்திருந்தேன். இன்று அது ஒன்றில் இருந்தது. வாய் வைக்கும் முனையில் ஈரம்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் நானும் என் மனைவி சாந்தியும்தான்.

"நீ எடுத்தியா?"

"தொடச்சு வச்சேங்க. கை பட்டு திரும்பியிருக்கும் லா."

அந்தத் திருகு கை பட்டுத் திரும்பாது. நானே அழுத்தித்தான் திருப்புகிறேன். துடைத்தவள் ஈரத்தை ஏன் விட்டாள்?

போன மாதம் அவளும் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தாள். "ஒண்ணுமில்லங்க" என்றாள். ரிசல்ட்டை நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு உலு திராம் இரவுச் சந்தையில் எனக்குப் பின்னால்தான் நடக்கிறாள். நோயாளிப் புருஷனுக்காக மெதுவாக வருகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

இந்த வீட்டில் என்னைவிட மூச்சுக் குறைந்த ஒருத்தி இருக்கிறாள்.

கேட்டால் மறுபடியும் பொய்தான் சொல்வாள். முனையை மட்டும் சுடுநீரில் கழுவி வைத்தேன். திருகை நான்குக்குத் திருப்பவில்லை.