முன்னால் போகிறவனுக்குத்தான் காற்று

ஜூன் 5, புதன்

டாக்டர் நடக்கச் சொன்னார். நான் சைக்கிள் வாங்கினேன். நடப்பவனை ஈப்போவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மனைவி சக்கீனா விலையைக் கேட்கவில்லை. ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவு லேசா இருக்கே, உங்கள தாங்காதுலா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சைக்கிள் கடை ஷாஹ்ருல் சும்மா இருக்கவில்லை. ஜூலை 21 சைக்கிள் போட்டிக்கு என் பெயரையும் சேர்த்துவிட்டான். உல்லாசப் பிரிவுதான், இருபத்தைந்து கிலோமீட்டர். முடித்தால் ஒரு பதக்கமும் ஒரு வாழைப்பழமும் தருவார்களாம். சாப்பாட்டுக் கடைக்காரன் வாழைப்பழத்துக்காக வெயிலில் போகிறான்.

ஜூன் 9, ஞாயிறு

மறுபடியும் உஸாமா பேச்சு. மகள் அஸ்ஃபியாவின் நிக்காஹ் செப்டம்பரில். மண்டபம் பிடித்தாகிவிட்டது, அழைப்பிதழும் அடித்து வந்துவிட்டது. சக்கீனாவின் தம்பியான அவனை நான் நேரில் போய் அழைக்க வேண்டுமாம். தாய்மாமன் வராத கல்யாணத்தில் அவள் சபைக்கு வரமாட்டாளாம். சொன்னால் சொன்னதுதான், அவள் குணம் எனக்குத் தெரியும்.

மூன்று வருஷமாக நானும் உஸாமாவும் பேசுவதில்லை. சேர்ந்து நடத்திய கடையை விட்டுக் கோப்பெங்கில் தனிக் கடை போட்டான். போடட்டும். ஆனால் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வீசுகிற ராஜுவையும் கூட்டிக்கொண்டல்லவா போனான்! கல்லாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன். ராஜு போன மறுநாள் என் கடை ரொட்டியைச் சாப்பிட்டவர்களின் முகத்தை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தேன்.

வாட்ஸாப்பில் அனுப்பிவிடலாமே என்றேன்.

"எங்க அத்தா உங்கள மாப்பிள்ள கேட்டு வாட்ஸாப்புலயா வந்தாரு?"

அப்போது வாட்ஸாப் ஏது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 17, ஹஜ்ஜுப் பெருநாள்

அக்காவுக்கு உஸாமா குர்பானிக் கறி கொடுத்தனுப்பினான். நான் தொடவில்லை. பிறகு தொட்டேன், அப்போது சமையலறையில் யாரும் இல்லை.

கறியோடு ஒரு செய்தியும் வந்தது. அவனும் அந்தப் போட்டியில் இருக்கிறானாம். எண்பது கிலோமீட்டர் பிரிவு. அவனுக்கும் இதுதான் முதல் போட்டி.

ஜூன் 18, செவ்வாய்

எண்பதுக்கு மாற்றிக்கொண்டேன். ஷாஹ்ருல் என் வயிற்றைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். பணத்தை வாங்கிக்கொண்டான். வியாபாரி.

ஜூன் 30, ஞாயிறு

ஷாஹ்ருலோடு கோப்பெங் பக்கம் போனேன். உஸாமா கடைக்கு இரண்டு வளைவு முன்னாலேயே திரும்பிவிட்டேன். கால் வலி என்று சொன்னேன். பாதி உண்மை.

இன்று ஒரு பாடம் படித்தேன். முன்னால் போகிறவன்தான் எதிர்க்காற்றை வாங்குகிறான். அவன் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். முன்னால் போகிறவன் களைத்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டான், முழங்கையை லேசாக அசைப்பான். 'இனி உன் முறை, முன்னால் வா' என்று அர்த்தம். முதலாளியாகவே இருந்த எனக்கு அடுத்தவன் முதுகைப் பார்த்துக்கொண்டு போவது பழக்கமில்லை. ஷாஹ்ருல் முதுகு என்றால் பரவாயில்லை.

ஒரு முடிவுக்கு வந்தேன். உஸாமாவை முந்திவிட்டு, ஜெயித்தவனாக அவனை அழைப்பேன். அப்போது அது பெருந்தன்மை. இப்போதே போய் நின்றால் அதற்குப் பெயர் கெஞ்சல். சக்கீனாவிடம் போட்டி முடிந்ததும் அழைக்கிறேன் என்றேன். தோற்றால் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 12, வெள்ளி

உட்கார முடியவில்லை. ஜும்ஆ தொழுகையில் பக்கத்தில் இருந்தவர் மூல வியாதியா என்று விசாரித்தார்.

ஜூலை 20, சனி

நாளை. சட்டையின் முதுகுப் பையில் சக்கீனா பேரீச்சம்பழம் வைத்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு அழைப்பிதழையும் வைத்தாள். எதற்கு என்றேன். போட்டி முடிந்ததும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். அஸ்ஃபியா என் தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றே கோப்பெங்குக்குக் கிளம்பியிருப்பேனோ என்னவோ.

ஜூலை 21, ஞாயிறு

தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஈப்போவில் கிளம்பிச் சுங்காயில் முடிகிற வழி. கூட்டத்தின் கடைசியில் ஒரு லாரி வரும், அதற்குப் பின்னால் போனவன் ஆட்டம் காலி என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கோப்பெங் தாண்டுவதற்குள் எல்லோரும் கண்ணுக்கு மறைந்தார்கள். மிஞ்சியது இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் யார் என்று எழுத வேண்டுமா?

அவன் என் பின்னால் வர மாட்டேன் என்கிறான். நான் அவன் பின்னால் போக மாட்டேன் என்கிறேன். ஆகவே தோளோடு தோள் சேர்ந்து, காற்று முழுவதையும் ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு தாப்பா வரைக்கும் போனோம். மோட்டார் சைக்கிளில் வந்த காவலர் ஒரே வரிசையாகப் போங்கள் என்று மலாயில் கத்தினார். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். காவலர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

தாப்பாவுக்கு அப்பால் பழைய ரப்பர் தோட்டங்கள். இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம். அங்கேதான் என் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மிதிக்க முடியவில்லை. உஸாமா முன்னால் போனான். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. போச்சு. எல்லாம் போச்சு. இவனை எந்த முகத்தோடு அழைப்பேன், சக்கீனாவிடம் என்ன சொல்லுவேன்?

அவன் வேகத்தைக் குறைத்தான். எனக்கு நேர் முன்னால் வந்தான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"பின்னால ஒட்டிக்கிட்டு வாங்க மச்சான்."

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு. ஒட்டிக்கொண்டேன். காற்று நின்றது. இவ்வளவு சுகமா இது! பாவி, தாப்பா வரைக்கும் இதை வேண்டாம் என்றல்லவா வந்தேன்.

கொஞ்ச தூரத்தில் அவன் முழங்கை அசைந்தது. நான் முன்னால் போனேன். பிறகு நான் அசைத்தேன். அப்படியே மாறி மாறிப் போனோம். ஒரு முறை நான் அவனுக்குப் பின்னால் இருந்தபோது அழைப்பிதழை எடுத்து அவன் முதுகுப் பைக்குள் செருகினேன். அவனுக்குத் தெரிந்திருக்கும். முதுகு நிமிர்ந்தது, ஆனால் திரும்பவில்லை.

சுங்காய் திடல். முடிவுக் கோடு தெரிகிறது. சக்கீனாவும் அஸ்ஃபியாவும் நிற்பது தெரிகிறது. லாரி எங்களுக்குப் பின்னால்தான். முன்னால் இருந்த உஸாமா கோட்டுக்குச் சற்று முன்னால் பிரேக் பிடித்துக் காலை ஊன்றிவிட்டான்.

"நீங்க போங்க மச்சான். மூத்தவங்க."

"உன் முதுகுல வந்தவன்டா நான். நீ போ."

"அதெல்லாம் இல்ல, போங்க."

"நீ போனாத்தான் நான் போவேன்."

இரண்டு பேரும் இறங்கி நின்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் தள்ளினோம், விருந்து வீட்டுக் கை கழுவும் இடத்தில் தள்ளுவது மாதிரி. நாங்கள் போட்டியைக் கைவிட்டுவிட்டோம் என்று நினைத்த லாரிக்காரன் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினான்.

சக்கீனா வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணு வருஷமா விட்டுக்கொடுக்கல. விட்டுக்கொடுக்கிறதுக்கு இந்த இடம்தான் கெடச்சிச்சா?" என்றாள். திட்டிக்கொண்டே அழுதாள். அஸ்ஃபியா சிரித்தாள். நானும் கொஞ்சம் அழுதேன், வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது உஸாமா அழைப்பிதழைப் பையிலிருந்து எடுத்து என் கையிலேயே கொடுத்தான். "இது முதுகுக்கு வந்த அழைப்பு. வீட்டுக்கு வாங்க மச்சான்" என்றான்.

ஜூலை 22, திங்கள்

முடிவுகள் வந்தன. ஜஹாங்கீர் என்கிற நான்: முடிக்கவில்லை. உஸாமா: முடிக்கவில்லை. பட்டியலில் யார் பெயர் மேலே என்று நான் பார்க்கவில்லை. என் பெயர் மேலே இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

சக்கீனாவோடு கோப்பெங் போனேன். காரில்தான். தட்டில் வெற்றிலை, பழம், அழைப்பிதழ். முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். முன்பு நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. ராஜு கேட்காமலே ரொட்டி போட்டுக்கொண்டு வந்தான். மூன்று சாப்பிட்டேன். டாக்டருக்கு இது தெரிய வேண்டியதில்லை. ராஜுவைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. கேட்க வாய் வந்தது, வாயில் ரொட்டி இருந்தது.

செப்டம்பர் 7, சனி

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. சக்கீனா சபையில் முதல் வரிசையில் இருந்தாள். உஸாமா எனக்கு முன்பே மண்டபத்துக்கு வந்து வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றான், தன் கடை வாசலில் நிற்பது மாதிரி.

விருந்துக்கு முன்னால் பெண்ணின் தகப்பன் சபைக்கு நாலு வார்த்தை பேச வேண்டும். ஒரு வாரமாக மனப்பாடம் செய்தது. மைக்கைப் பிடித்து, என் மகள் அஸ்ஃபியா என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மண்டபம் முழுக்க என்னையே பார்க்கிறது.

உஸாமா பின்னால் நிற்பது தெரியும். நான் திரும்பவில்லை. முழங்கையை லேசாக அசைத்தேன்.

அவன் முன்னால் வந்தான்.