முதுகு காய வேண்டிய ஐரிஸ்

தோழி,

இன்று காலை மொட்டைமாடிக் கதவைத் திறந்ததும் அழுகல் நாற்றம். உன் ஐரிஸ் பூச்செடித் தொட்டியிலிருந்துதான் வந்தது. பெருவிரலால் கிழங்கை அமத்திப் பார்த்தேன். அவித்த உருளைக்கிழங்கு போல ஒரு பக்கம் உள்ளே போனது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

வேறு எந்தச் செடியென்றாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். ஐரிஸ் பூக்கக் குளிர் வேண்டும், வெள்ளவத்தையில் குளிர்காலம் ஏது? நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த இரண்டு கிழங்குகளை ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு என் ஃபிரிட்ஜில் குளிரவைத்தாய். என் கணவர் எடுத்துத் தேத்தண்ணிக்குத் தட்டிவிடுவார் என்று மூடியில் "இஞ்சி இல்லை" என்றும் எழுதினாய். நானோ வெளியே எடுத்ததும் இஞ்சியைப் போலவே ஆழப் புதைத்தேன். "அதின்ர முதுகு வெயில் காயோணுமடி, வேருக்குத்தான் மண்!" என்று தோண்டி எடுத்தாய்.

ஊதாவும் மஞ்சளும் ஒரே கிழமையில் பூத்தன. புருவம் பிடுங்கும் சாமணத்தால் ஊதாவின் மகரந்தத்தை எடுத்து மஞ்சளில் தடவினாய். காற்றடித்துவிடுமோ என்று நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடைத்த பதினொரு விதைகளில் மூன்று முளைத்தன. மிஞ்சியது இந்தத் தொட்டியில் நிற்கும் ஒன்றுதான். இன்னும் ஒருமுறைகூடப் பூக்கவில்லை.

"என்ன கலர் எண்டு எனக்குக் கட்டாயம் சொல்லோணும்," என்றாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில். "நீயே பாப்பாய்," என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். "விடடி, என்னையும் இஞ்சி மாதிரிப் புதைக்கிறாய்," என்று தள்ளிவிட்டாய். இருவரும் சிரித்தோம். அடுத்த கிழமை நீ இல்லை.

போன கிழமை அடைமழை. கிழங்கின் முதுகு வெறுமையாய் நனைவதைப் பார்க்கப் பொறுக்காமல் மண்ணை அள்ளி மூடிவிட்டேன். எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! அழுகியது என்னால்தான்.

வெள்ளைச் சதை தெரியும்வரை கரண்டியால் சுரண்டி, அழுகல் பரவாமல் கறுவாத்தூள் தூவினேன். பாதிக் கிழங்குதான் தேறியது. இலைகள் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. நடுவில் ஒரு தடிப்புத் தெரிகிறது. மொட்டா, என் ஆசையா, தெரியவில்லை.

மத்தியானம் வெயில் வந்தது. இப்போது கடல் பக்கம் மீண்டும் இருட்டுகிறது. தொட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே இழுத்து வைத்துவிட்டேன். ஆனாலும் காயம் திறந்தபடி கிடக்கிறது, மண் வாளி பக்கத்தில் இருக்கிறது. பயமாக இருக்கிறதடி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.