முங்குக்கடைக் கயிறு

4-2-1963, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக, முங்கும்போது வாயில் கவ்வும் ரப்பரை உப்புநீரில் கழுவி நிழலில் காயவைத்தேன். பிறகுதான் காபி. என் கணவர் ஸ்தனிஸ்லாஸ் சிலிண்டரில் காற்றடைக்கும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பொன்மலை ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தபோது அவரே செய்த மெஷின். அதற்காகத்தான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பதை விட்டேன். அதற்காகவா, தண்ணீருக்காகவா? ஆற்றில் விழுந்ததை முங்கி எடுத்துத் தரும் எங்கள் கடையின் பலகையில் நாங்கள் எழுதிவைத்த பெயரை ஸ்ரீரங்கத்தில் யாரும் படிப்பதில்லை. முங்குக்கடை என்றால்தான் தெரியும்.

இரும்புக்கடை குத்புதீன் பாய் வந்தார். அவருடைய ஆயில் என்ஜின் பரிசலிலிருந்து கொள்ளிடத்தில் விழுந்துவிட்டதாம்.

"மீனுக்கா வித்தீங்க பாய்?" என்றார் இவர்.

"மீனு இன்னும் காசு குடுக்கலியே சார்."

6-2, புதன்

பாலத்துக்குக் கீழே உள்ள மடு. முதுகில் சிலிண்டர், இடுப்பில் கயிறு, கரையில் கயிற்றின் மறுமுனையோடு இவர். ஒருமுறை இழுத்தால் நலம், இருமுறை இழுத்தால் தூக்கு. கடலில் முங்குபவர்கள் கயிறு கட்டுவதில்லை என்று படித்திருக்கிறேன். இங்கே சேறு கலங்கினால் என் கையே எனக்குத் தெரியாது. கயிறு இருக்கும் பக்கம்தான் கரை.

என்ஜினைத் தேடிக்கொண்டிருந்தபோது கயிறு தளர்ந்தது. இன்னும் தூரம் போகலாம் என்கிறார் என்று நினைத்துப் போனேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ முகத்தில் உரசியது. பிடித்துப் பார்த்தேன். கயிற்றின் மறுமுனை.

மேலே வந்தபோது எதிர்ப்பக்கத்து மணல்திட்டில் இருந்தேன். "டீச்சரம்மா அக்கரை டோல்கேட்டுல பஸ் ஏறப் போறாங்க" என்று யாரோ கத்த, கரையே சிரித்தது.

நடந்தது இதுதான். பாயின் வண்டிக்காரர்கள் இரண்டு பேர், என்ஜினைச் சரியாகக் கட்டாதது யார் என்று சண்டை பிடித்திருக்கிறார்கள். "விடுங்கப்பா, விடுங்க" என்று பாய் விலக்கியிருக்கிறார். இவர் கயிற்றை விட்டுவிட்டார்.

"விடுன்னாங்க, விட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

7-2

இடுப்பில் கயிறு அறுத்த இடம் எரிகிறது. வேறொன்றும் இல்லை.

10-2, ஞாயிறு

பூசை முடிந்து நாத்தனார் லூர்துராணி வந்தாள். தன் மகன் வேலைக்கு எழுதிப்போடவே மாட்டேன் என்கிறான் என்று ஒரே புலம்பல். இவரும் அவனைத் திட்ட ஆரம்பித்தார். "சரி விடுங்கண்ணே" என்றாள்.

இவர் கை திறந்தது. காபி டம்ளர் கீழே விழுந்தது.

நழுவவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் விரிந்தன. பிறகு, இது எப்படி இங்கே வந்தது என்பதுபோலத் தரையைப் பார்த்தார்.

11-2

இன்று நானே செய்து பார்த்தேன். அவர் ஸ்பானரைப் பிடித்திருந்தபோது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தப் பேச்சை விடுங்க" என்றேன். எந்தப் பேச்சும் இல்லை. ஸ்பானர் விழுந்தது.

ஏன் செய்தேன்? தெரிந்துகொள்ளத்தான். தெரிந்துகொண்டு என்ன பண்ணப் போறே?

14-2, வியாழன்

தில்லை நகரில் புதிதாக வந்திருக்கும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண் பரிசோதனை என்று சொல்லித்தான். இவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது என்றார். இந்த வயதுக்குச் சீக்கிரம்தானாம். "உயிர்ப் பொறுப்பு எதையும் அவர் கையில குடுக்காதீங்கம்மா."

திரும்பும்போது பஸ்ஸில் டிக்கெட்டை இவர்தான் எடுத்தார். சரியாக எடுத்தார்.

15-2

பாய் ஆள் அனுப்பியிருந்தார். அன்று எடுக்காமல் விட்ட என்ஜினைத் திங்கள்கிழமை எடுத்தாக வேண்டும்.

மத்தியானம் சாப்பிடும்போது, "கரையில கூட ஒரு ஆளை வச்சுக்கலாங்களா?" என்றேன், மோர் ஊற்றிக்கொண்டே.

"எதுக்கு?"

"உங்களுக்கும் தோள் வலிக்குதே."

சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். பிறகு மெதுவாக, "உன் கயித்த இன்னொருத்தன் புடிப்பானா, பிலோமி? அப்ப நான் எதுக்குக் கரையில?"

அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன்.

16-2, சனி

லூர்துராணியிடம் டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன். "அப்ப கடைய மூடிடுங்க அண்ணி. அம்பதை எட்டப்போற பொம்பளைக்கு முங்கல் என்ன வேண்டிக்கெடக்கு?" என்றாள். எனக்கு நாற்பத்தாறு. திருத்தவில்லை.

மூட மாட்டேன். வேறு ஆளும் வைக்க மாட்டேன்.

இந்த மாதம் ஆறு ஓடவில்லை. சேற்றை மிதிக்காமல் போனால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பாலத்தூணின் அடியில் ஒரு பழைய கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. திங்கள்கிழமை தண்ணீருக்குள் போனதும் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கயிற்றை அந்தக் கம்பியில் கட்டிவிடப் போகிறேன். மறுமுனை அவர் கையிலேயே இருக்கட்டும். தூணைப் பார்த்துத் திரும்பி வரத் தெரியும் எனக்கு. மேலே ஏறும்முன் மறுபடி கட்டிக்கொண்டால் போதும்.

வேலை நடுவே ஒருமுறை வந்து கயிற்றை இழுத்துவிட்டுப் போக வேண்டும். கயிறு வெகுநேரம் அசையாமல் இருந்தால் பயந்துவிடுவார்.