முதல் கமெண்ட்

என் பொண்டாட்டிக்கு,

நீ திருப்புட்குழிக்கு, உங்கம்மா வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. போனை அணைத்து வைத்திருக்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

நம்ம பேண்டின் ஆல்பத்துக்கு வந்த கமெண்டுகளை இன்றும் படித்தேன். கல்யாண மேடையில் நாம் குத்துப்பாட்டு வாசித்தபோது ஆடித் தீர்த்தவர்கள்தான் இவர்கள். நீ அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசைப் பாணியில் நிதானமாக, அடிவயிற்றிலிருந்து பாடியதும் "எழவு வீட்டு மைக் செட்டு" என்கிறார்கள். அதே வரியை நானூறு பேர் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிக்கிறார்கள்.

அந்த வரியை முதலில் எழுதியது நான்தான்.

ஆல்பம் வெளியான அன்று செவிலிமேட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நம்ம டிரம்ஸ் ஜோசுவா போன் செய்து, "உன் கீபோர்டு யார் காதுலபா விழுது? உன் வீட்டுக்காரம்மா குரலைத்தான் எல்லாரும் பேசிக்கினு இருக்காங்க" என்றான். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பொய்ப் பெயரில் அதை எழுதிவிட்டேன். சாயங்காலம் நீ அதைப் படித்துவிட்டு அழுதாய். உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவனும் நான்தான்.

நேற்று அதன் கீழேயே என் சொந்தப் பெயரில் ஒப்புக்கொண்டேன். இப்போது என்னைக் காறித் துப்புகிறார்கள். படிக்கப் படிக்க ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

உன்னைத் திரும்பி வரச் சொல்ல எனக்கு வாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட நீ பாடாமல் நிற்பதாக உங்கம்மா சொன்னாங்க. பாடும்மா. நான் அந்த சர்ச் வாசல் பக்கம்கூட வரமாட்டேன்.

உன் வீட்டுக்காரன் என்று எழுதக் கை கூசுகிற,
கீபோர்டுக்காரன்