பாப்பாவின் மொட்டை

மே 11, ஞாயிறு. போர்ச்சுகல் கடற்கரை ஊர்.

போன வாரம்தான் எங்கள் ஊர் வடக்கனந்தலில் குலதெய்வத்துக்குப் பாப்பாவுக்கு மொட்டை அடித்தோம். இன்று இங்கே சுற்றுலாப் படகு வரிசையில் ஒரு வெள்ளைக்காரம்மா அந்தத் தலையைப் பார்த்துவிட்டு, "கேன்சரா?" என்று கண்கலங்கினாள். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுத் தலையாட்டிவிட்டார். வரிசையே எங்களுக்கு வழிவிட்டது.

படகில் ஏறியதும் கேட்டேன். "ஒண்ணரை வயசுக் கொழந்தைக்கு இல்லாத நோயை ஏங்க இழுத்து வுடுறீங்க?"

"இப்ப இன்னா ஆயிடுச்சி? வெயில்ல நிக்காம வந்துட்டோம் இல்ல?" என்று சிரிக்கிறார்.

பெற்ற அப்பன் பேசுகிற பேச்சா இது? போதாததற்கு, படுக்கும்போது சொல்கிறார்: "நாளைக்கும் பாப்பாவுக்குத் தொப்பி போடாத."

குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டேன். ஊருக்குப் போனதும் அடுத்த மொட்டை இவருக்குத்தான்.